பத்து நிமிடமும் ஒரு பாட்டியும்

கேள்வி: கல்லூரி நண்பனின் திருமணத்துக்காகக் கடல் கடந்து ஒரு தீவுக்குப் போய் வந்தேன். நான்கு நாளும் ஆட்டமும் பாட்டமும்தான். முதல் நாள் இரவே மணமகளின் பாட்டி என் கையைப் பிடித்து இழுத்து ஆட வைத்துவிட்டார். அவருக்கு என் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. எல்லாம் சரி, ஆனால் ஓராண்டுச் சேமிப்பு கரைந்துவிட்டது. நண்பனோடு தனியாகப் பத்து நிமிடம்கூடப் பேச முடியவில்லை. இனி இப்படி அழைப்பு வந்தால் மறுத்துவிடப் போகிறேன். சரிதானே?

பதில்: பணம் இல்லை என்று மறுத்தால் உங்கள் பக்கம் நிற்பேன். பத்து நிமிடம் கிடைக்கவில்லை என்று மறுத்தால் நிற்க மாட்டேன்.

பணத்தை முதலில் பேசிவிடுவோம். கடன் வாங்கிக்கொண்டு யாருடைய கல்யாணத்துக்கும் போக வேண்டியதில்லை. கைக்கு எட்டாது என்றால் அழைப்பு வந்த வாரமே சொல்லிவிடுங்கள். டிக்கெட் போடும் நேரம்வரை இழுத்தடித்துவிட்டு ஒரு சாக்குச் சொல்வதுதான் நண்பனை நோகடிக்கும். அழைப்பவர்களுக்கும் கடமை இருக்கிறது. தங்கும் அறை யார் செலவு, எத்தனை வேளைச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு, மீதி எவை விருந்தினர் தலையில் விழும் என்பதை அழைப்பிதழோடு எழுதி அனுப்ப வேண்டும். 'வர முடியாவிட்டால் எங்களுக்கு வருத்தமில்லை' என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. போய் இறங்கிய பிறகுதான் படகுப் பயணத்துக்குத் தனிப் பணம், ஒரே நிற உடைக்குத் தனிப் பணம் என்று தெரிய வருகிறது. இது எனக்கு உண்மையாகவே கோபமூட்டுகிறது.

இனி அந்தப் பத்து நிமிடத்துக்கு வருகிறேன். அந்த நான்கு நாளுக்கு முன் உங்கள் நண்பன் எத்தனை மாதம் அலைந்திருப்பான் என்று நினைத்துப் பார்த்தீர்களா? எல்லை தாண்டி மணம் முடிப்பது புதிதல்ல. 1753-இல் இயற்றப்பட்ட திருமணச் சட்டம் இங்கிலாந்தில் 21 வயது நிரம்பாதவர்கள் பெற்றோரை மீறி மணப்பதைக் கடினமாக்கியது. அது ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது என்பதால், எல்லையை ஒட்டிய கிரெட்னா கிரீன் என்ற சிற்றூருக்குக் காதலர்கள் ஓடினார்கள். இரண்டு சாட்சிகள் முன் சம்மதம் சொன்னால் போதும். கொல்லன் பட்டறையில் மணம் முடிந்துவிடும். அவர்கள் சட்டத் தொல்லையிலிருந்து தப்பிக்க எல்லை தாண்டினார்கள். இன்று எல்லை தாண்டுபவர்களுக்குத் தொல்லை கூடத்தான் செய்கிறது. பிரான்சில் சட்டப்படி மணக்க வேண்டுமானால், மணமக்களில் ஒருவரோ அவர்களுடைய பெற்றோரில் ஒருவரோ அந்த ஊரில் குறைந்தது ஒரு மாதமாவது வசித்திருக்க வேண்டும். இதனால்தான் பல ஜோடிகள் பதிவைச் சொந்த நாட்டிலேயே முடித்துவிட்டு, வெளிநாட்டில் சடங்கை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் வருகிறவர்களின் விசா சந்தேகம், விமான நேரம், அறைச் சாவி எல்லாம் மாப்பிள்ளையின் தொலைபேசிக்குத்தான் போகும். அவனைத் தனியாகப் பிடித்து உட்கார வைக்க முடியவில்லை என்பது அவனுடைய குற்றமா?

எனக்கும் இப்படி ஒரு திருமணம் வாய்த்தது. மூன்று நாளும் சிநேகிதியை மணப்பெண் கோலத்தில் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். கடைசி இரவு இசை நின்றது. மணலில் கிடந்த நாற்காலிகளை மடித்து அடுக்க ஆள் போதவில்லை என்று நானும் போனேன். அங்கே அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கொப்புளம் வந்த காலை ஒரு வாளித் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருந்தாள். நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே இருந்தேன், அவள் பேசிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று நினைவில்லை. விருந்தினராகவே நின்றிருந்தால் அந்த இரவு எனக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே அடுத்த அழைப்பு வந்தால், பணம் இருந்தால், போங்கள். ஒரு நாள் முன்னதாகவே போய் ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதியவர்களை அறைக்கு அழைத்துப் போவதானாலும் சரி. பாஸ்போர்ட்டை நீங்களே எடுத்துப் பாருங்கள். இன்னும் ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. மணமக்களிடம் போய் அதைக் கேட்காதீர்கள்.

இன்னொன்று. அந்தப் பாட்டியை இரண்டே வாக்கியத்தில் கடந்து போய்விட்டீர்கள். ஊரில் ஒரு மாலை வரவேற்புக்குப் போயிருந்தால் மேடையேறிக் கைகுலுக்கிவிட்டு இறங்கியிருப்பீர்கள். அவர் யாரென்றே தெரிந்திருக்காது. நான்கு நாள் ஒரே இடத்தில் தங்கியதால்தான் நண்பனின் புதிய குடும்பத்தில் ஒருவர் உங்கள் கையைப் பிடித்தார். அவன் இப்போது ஓய்ந்திருப்பான். இந்த வாரமே கூப்பிடுங்கள். மனக்குறையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், முதலில் பாட்டி எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள்.