டேகேர் என்றாலே வயிற்று வலி என்கிற மகள்
காலையில் பள்ளிக்குச் சிரித்துக்கொண்டே போகிற மகள், சாயங்காலம் டேகேர் வேன் என்றதும் வயிற்று வலி என்று அழுகிறாள் என எழுதியிருந்தீர்கள் சகோதரி. தயவுசெய்து அதை நடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். என் மகனும் யூகேஜி படிக்கும்போது இப்படித்தான், டேகேர் வாசலில் என் துப்பட்டா நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு விடவே மாட்டான். ஒரு நாள் சொல்லாமல் முன்கூட்டியே போய் நின்றபோதுதான் தெரிந்தது, தூங்காத பிள்ளைகளை விளக்கணைத்த அறையில் தனியாக உட்கார வைக்கிறார்கள் என்று. அன்றே நிறுத்திவிட்டோம்.

நீங்களும் சொல்லாமல் போய்ப் பாருங்கள். அவளிடம் 'யார் அடித்தார்கள்?' என்று கேட்காமல், ராத்திரி படுக்கும்போது அங்கே என்னென்ன நடக்கும், யார் சாப்பாடு தருவார்கள், பாத்ரூமுக்கு யார் கூட்டிப்போவார்கள் என்று பேச விடுங்கள், குறுக்கே பேசாதீர்கள். தப்பாகத் தொட்டதாக ஏதாவது சொன்னால் துருவித் துருவிக் கேட்க வேண்டாம், உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம், அதனால் நிர்வாகம் 'நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். சரி, முதலில் நாளைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.