கேளுங்கள், சொல்கிறோம்: சீனக் கல்லறைப் பொம்மைகள்

சீனாவின் ஹான், டாங் அரச வம்சக் காலக் கல்லறைகளில் கிடைத்த வண்ணச் சுடுமண் பொம்மைகளைப் பற்றி வேலூர் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சில.

அப்பா தோல் வியாபாரமாகச் சீனா போனபோது வாங்கி வந்த ஒன்றரை அடி மண் பொம்மை வீட்டில் இருக்கிறது. ஹான் காலத்தது என்று சொல்லி விற்றார்களாம். மேலே மஞ்சள் மண் படிந்திருக்கிறது. தொட்டால் சிவப்புச் சாயம் விரலில் ஒட்டுகிறது. ஈரத்துணியால் துடைக்கலாமா? (வாசகி, ஆம்பூர்)

கூடவே கூடாது, அம்மா. இந்த வகைப் பொம்மைகளின் சாயம் சூளைக்குள் போனதல்ல. சாம்பல் நிற மண் பொம்மையைச் சுட்டெடுத்து, வெள்ளைக் களிமண் குழம்பு பூசி, அது காய்ந்த பிறகு சாதிலிங்கம் (பாதரசம் கலந்த சிவப்பு நிறமி), காவி, கரி போன்றவற்றைப் பசையில் குழைத்துத் தீட்டியிருப்பார்கள். இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்ததில் பசை மக்கிப்போகும். சாயம் வெறும் பொடியாகத்தான் உட்கார்ந்திருக்கும். ஈரம் பட்டதும் அடியில் உள்ள வெள்ளைப் பூச்சு ஊறி, சாயத்தோடு சேர்ந்து ஏடாக வந்துவிடும். பொம்மை போலியாகவே இருந்தாலும் பூச்சு முறை பெரும்பாலும் இதுதான், ஆகவே எச்சரிக்கையும் அதேதான்.

தேங்காய் எண்ணெய், வார்னிஷ், ஃபெவிக்கால் எதுவும் வேண்டாம். எண்ணெய் துளைகளில் இறங்கிக் கறுக்கும், பிறகு எடுக்க முடியாது. வார்னிஷ் இறுகும்போது பலவீனமான பூச்சை இழுத்துப் பெயர்க்கும். சாயம் கெட்டியாக இருக்கும் இடத்தில் மட்டும், உலர்ந்த மெல்லிய ஆட்டுமுடித் தூரிகையால், அழுத்தாமல் தூசியைத் தட்டலாம். பொடியாக உதிரும் இடத்தில் தூரிகையும் படக்கூடாது. மஞ்சள் மண்ணைச் சுரண்டாதீர்கள். பல இடங்களில் அந்த மண்தான் சாயத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். மே மாதம் காற்று காய்ந்து கிடக்கும், ஐப்பசி கார்த்திகையில் ஈரம் ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தில் மண்ணுக்குள் இருக்கும் உப்பு கரைந்து, மேலே வந்து பூத்து, சாயத்தை உள்ளிருந்து தள்ளும். மூடிய கண்ணாடிப் பெட்டியில், வெளிச்சுவர், ஜன்னல், ஏசிக் காற்று மூன்றுக்கும் தள்ளி வையுங்கள். உள்ளே ஒரு ஈரப்பத மானி இருக்கட்டும். 45 முதல் 55 சதவீதத்துக்குள் ஆடாமல் நின்றால் நல்லது. தூக்கும்போது தலையையோ கையையோ பிடிக்காமல் அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை கொடுங்கள். தலை தனியாகச் செய்து ஒட்டியதாக இருக்கக்கூடும். உதிர்வது நிற்கவில்லை என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகத்தில் யோசனை கேளுங்கள்.

சீனாவின் சீயான் நகரருகே கிடைத்த மண் வீரர்களுக்கும் வண்ணம் இருந்தது என்கிறார்கள். படங்களில் வெறும் மண் நிறம்தானே தெரிகிறது? (ஆசிரியர், குடியாத்தம்)

இருந்தது. 1974-ல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்ணில் முதலில் பட்ட அந்தப் படை கி.மு. 210-ல் இறந்த, சீனாவின் முதல் பேரரசரான சின் பேரரசருக்கானது. எண்ணிக்கை சுமார் 8,000 என்று மதிப்பிடுகிறார்கள். அவற்றில் சாயத்துக்கு அடியில் பூசியது வெள்ளைக் களிமண் அல்ல. லாக்கர் மரத்திலிருந்து வடித்த பால். ஈரமண்ணில் புதைந்திருந்தவரை அந்தப் படலம் நீர் கோத்து நின்றது. தோண்டி வெளியே எடுத்ததும் காற்று பட்டுச் சில நிமிடங்களில் சுருண்டு, சாயத்தையும் உரித்துக்கொண்டு விழுந்துவிட்டது. பிறகு ஜெர்மன் நிபுணர்களும் சீனர்களும் சேர்ந்து, வெளியே எடுத்த உடனே ஈரம் காயவிடாமல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளின் கரைசலை ஊறவைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். படலத்துக்குள் இருக்கும் தண்ணீரின் இடத்தை அது மெல்லப் பிடித்துக்கொள்வதால் சுருங்குவது நிற்கிறது. அப்படிக் காப்பாற்றிய முகங்களில் இளஞ்சிவப்புத் தோலும், உடைகளில் ஊதாவும் இன்றும் தெரிகின்றன. அந்த ஊதா பேரியமும் செம்பும் சிலிக்காவும் சேர்த்துச் சூடேற்றி மனிதர் செய்த நிறமி. இதை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒரு கல்லறையில் எத்தனை பொம்மை வைப்பார்கள்? (வாசகர், வாணியம்பாடி)

டாங் காலத்தில் (618–907) அதற்கும் அரசு விதி உண்டு. அதிகாரிகளை ஒன்பது தரமாகப் பிரித்திருந்தார்கள், முதல் தரம்தான் உயர்ந்தது. மூன்றாம் தரமும் அதற்கு மேலும் உள்ள அதிகாரிகளுக்கு 90, ஐந்தாம் தரம் வரை 60, ஒன்பதாம் தரம் வரை 40. உயரத்துக்கும் வரம்பு இருந்தது.

பச்சை, மஞ்சள் மெருகு (சூளையில் உருகிப் படியும் கண்ணாடி போன்ற பூச்சு) வழியும் டாங் குதிரை ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வெப்ப ஒளிர்வுச் சோதனைச் சான்றிதழும் தருகிறார்கள். நம்பலாமா? (வாசகர், ராணிப்பேட்டை)

சான்றிதழை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மண்ணில் உள்ள குவார்ட்சுத் துகள்கள் கதிர்வீச்சைச் சேமித்துக்கொண்டே இருக்கும். சூளையில் சுட்டால் அந்தக் கணக்கு பூஜ்யமாகும். ஆய்வகத்தில் மறுபடி சூடாக்கி, வெளிவரும் ஒளியை அளந்து, கடைசியாகச் சுட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணிக்கிறார்கள். சோதனை நல்ல சோதனைதான். ஏமாற்று நடப்பது தூள் எடுக்கும் இடத்தில். பழைய உடைசலை வயிற்றுப் பக்கமோ காலடியிலோ பதித்து, புது உடம்பை அதன் மேல் கட்டுவார்கள். துளை போடுகிறவர் பழைய துண்டில் போட்டால் விடை சரியாகவே வரும். ஆகவே தூள் எந்த இடங்களில் எடுத்தார்கள் என்று படத்தோடு கேளுங்கள். உடம்பு, கால், தலை என்று குறைந்தது மூன்று இடமாவது வேண்டும். மெருகின் வயதையோ சாயத்தின் வயதையோ இந்தச் சோதனை சொல்லாது. மனித உருவங்களில் முகத்துக்குப் பெரும்பாலும் மெருகு போடாமல் சாயம்தான் தீட்டினார்கள். அதில் தாலோசயனின் என்ற செயற்கை நிறமியின் நீலமோ பச்சையோ இருந்தால் அது 1930-களிலோ அதற்குப் பிறகோ நடந்த கைவேலை.

சட்டத்தையும் பாருங்கள். 1911-க்கு முந்தைய தொல்பொருளைச் சீனாவிலிருந்து வெளியே கொண்டுவர இன்று அனுமதி இல்லை. அண்மையில் அங்கே கடையில் வாங்கியது என்று விற்பவர் சொன்னால், ஒன்று அது நகல், இல்லையேல் சட்டவிரோதம். இந்தியாவிலும் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டைத் தாண்டிய சுடுமண் சிற்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். வந்த வழிக்குக் காகிதம் இல்லாத குதிரையை எங்கள் பேச்சைக் கேட்டு விட்டுவிடுங்கள்.

கல்லூரிக் கண்காட்சிக்கு ஹான் முறையில் ஒரு அடிப் பொம்மை செய்ய வேண்டும். எப்படி? (மாணவி, காட்பாடி)

ஏரிக் களிமண் நான்கு பங்கு, சலித்த மணல் ஒரு பங்கு. முன்பக்கம், பின்பக்கம் என இரண்டு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகள். மண்ணை 8 மில்லிமீட்டர் தகடாக்கி அச்சில் அழுத்துங்கள். கனம் ஒரே சீராக இல்லையென்றால் மெல்லிய இடம் முதலில் காய்ந்து வெடிப்பு விடும். மண் கொஞ்சம் இறுகியதும் விளிம்புகளைக் கீறி, மண் குழம்பு தடவி ஒட்டுங்கள். அடியைத் திறந்து விடுங்கள். உள்ளே அடைபட்ட ஈரம் சூளையில் ஆவியாகி பொம்மையை உடைத்துவிடும். நிழலில் ஒரு வாரமாவது காய வேண்டும். கரிகிரிக் குயவர்களிடம் கேட்டால் தங்கள் சூளையில் ஓர் ஓரமாக வைத்துச் சுட்டுத் தரக்கூடும்.

பசைக்குத் தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரமே போதும். தோல் கழிவிலிருந்து எடுப்பது. 7 கிராமை 100 மில்லி தண்ணீரில் இரவு ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்குங்கள். கொதித்தால் பிடிப்பு போய்விடும். அதில் சீனக்களி என்ற வெள்ளைக் களிமண்ணைத் தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்து இரண்டு பூச்சு. வஜ்ஜிரம் கூடினால் பூச்சு காய்ந்து சுருண்டு உரியும், குறைந்தால் கையில் மாவாக வரும். ஓட்டுத்துண்டில் பூசிப் பார்த்துவிட்டுப் பொம்மையைத் தொடுங்கள். கரைசல் நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் நாறும், அன்றன்றைக்குக் காய்ச்சுவது உத்தமம்.

சாதிலிங்கம் பாதரசம் கலந்தது, கல்லூரிக்கு வேண்டாம். சிவப்புக்குக் காவி, கறுப்புக்கு விளக்குக் கரி. டாங் மெருகில் ஈயம் உண்டு, அதையும் முயல வேண்டாம். தலைமுடிக்குக் கறுப்பைக் கடைசியில் தீட்டுங்கள். கரி மெல்லிய தூள், முதலிலேயே தீட்டினால் கைபட்டு முகமெல்லாம் இழுபடும்.