1,82,000 கிலோமீட்டர் ஓடிய காரை வாங்கலாமா?

கேள்வி: நான் கரூரில் தனியார் பள்ளி ஆசிரியை. சேமிப்பில் இருக்கும் மூன்றே முக்கால் லட்சத்துக்குள் பழைய கார் ஒன்று வாங்க நினைக்கிறோம். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி தன்னுடைய 2015 டிசையர் டீசலை 3,25,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். ஒரே ஓனர். மகள் பெங்களூரில் இருப்பதால் மாதம் இரண்டு தடவை போய்வருவாராம். வண்டி 1,82,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. புரோக்கர் ஒருவர் 2014 ஸ்விஃப்ட் பெட்ரோல் காட்டினார். மூன்றாவது ஓனர், மீட்டரில் 48,000தான், விலை 3,60,000. லட்சம் தாண்டிய வண்டியே வேண்டாம் என்கிறார் என் கணவர். எங்களுக்கு மாதம் 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம் இருக்காது. எதை வாங்குவது?

பதில்: எனக்கு இதில் 48,000 என்ற எண்ணைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. 2014 வண்டி, மூன்று கை மாறியிருக்கிறது, ஆனால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. வாங்கிய மூன்று பேரும் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுத்துப் போயிருந்தால்தான் இந்தக் கணக்கு வரும். அப்படியும் நடக்கலாம். ஆனால் அதற்குச் சர்வீஸ் பில் இருக்க வேண்டும். புரோக்கரிடம் கேட்டுப் பாருங்கள். "பழைய ஓனர்கிட்ட இருக்கும் மேடம்" என்ற பதில்தான் வரும்.

நானே ஒருமுறை ஏமாந்தவன். மீட்டரில் 42,000 என்று பார்த்து ஒரு வண்டியை ஆசையாக வாங்கினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஏர் ஃபில்டர் பெட்டியின் பக்கவாட்டில் எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் தெரிந்தது. 'அடுத்த ஆயில் மாற்றம்: 1,16,000' என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தது. மீட்டரைத் திருப்பியவர்கள் அதைக் கிழிக்க மறந்துவிட்டார்கள். இப்போதுள்ள டிஜிட்டல் மீட்டரைத் திருப்ப ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம், லேப்டாப்பைச் செருகினால் சில நிமிட வேலை.

மீட்டரைத் திருப்பலாம், பிரேக் பெடலின் ரப்பரைத் திருப்ப முடியாது. 48,000 ஓடிய வண்டியில் அதன் வரிகள் அப்படியே இருக்கும். வழுவழுவென்று தேய்ந்திருந்தாலோ, மற்றதெல்லாம் பழசாக இருக்க அது மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலோ, அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து ஓரம் அமுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். சென்னைப் பதிவு வண்டியாக இருந்தால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இன்னும் இருக்கும்.

சரி, உங்கள் தெரு டிசையருக்கு வருவோம். கரூரிலிருந்து பெங்களூர் போய்வர சுமார் 560 கிலோமீட்டர். மாதம் இரண்டு தடவை, பத்து வருடம் என்றால் 1,34,000 சொச்சம். மீதி ஐம்பதாயிரத்துக்குக் குறைவானது உள்ளூர் ஓட்டம். அவர் சொல்லும் கதையும் மீட்டரும் ஒத்துப்போகின்றன. எனக்கு இது பெரிய விஷயம். சேலம் வழியாக நான்கு வழிச்சாலையில் டாப் கியரில் ஒரே சீராக ஓடிய கிலோமீட்டரும், ஜவஹர் பஜார் நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து ஊர்ந்த கிலோமீட்டரும் மீட்டரில் ஒன்றுபோலத்தான் தெரியும். எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் வித்தியாசம் தெரியும்.

அந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் ஃபியட்டின் வடிவமைப்பு. மாருதி மட்டுமல்ல, டாடா, செவர்லே வண்டிகளிலும் அதுதான் ஓடியது. 2020இல் பிஎஸ்-6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஆனாலும் அந்த எஞ்சினைப் பிரித்துப் பார்க்காத மெக்கானிக் தமிழ்நாட்டில் குறைவு, உதிரிபாகமும் தாராளமாகக் கிடைக்கிறது. ஒழுங்காக ஆயில் மாற்றியிருந்தால் இரண்டு லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த 'ஒழுங்காக' என்பதற்கு அவரிடம் பில் இருக்கிறதா? வங்கி அதிகாரி என்கிறீர்கள், ஃபைல் போட்டே வைத்திருப்பார்.

இதற்காக டீசல் உங்களுக்கு ஏற்றது என்று சொல்லமாட்டேன். மாதம் 600 கிலோமீட்டருக்கு டீசல் லிட்டருக்கு 20, பெட்ரோல் 15 கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 30 லிட்டர் டீசல், 92 ரூபாய் வீதம் 2,760. 40 லிட்டர் பெட்ரோல், 100 ரூபாய் வீதம் 4,000. மிச்சம் வருடத்துக்குப் பதினைந்தாயிரம்கூட இல்லை. இன்ஜெக்டரோ டர்போவோ ஒருமுறை மக்கர் செய்தால் இரண்டு மூன்று வருட மிச்சம் ஒரே பில்லில் போய்விடும். உங்கள் ஓட்டத்துக்கு, பில்லோடு ஒரு பெட்ரோல் வண்டி கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு; அவசரம் இல்லையென்றால் இரண்டு மாதம் தேடுங்கள். இந்த இரண்டில் ஒன்று என்றால், கண்ணை மூடிக்கொண்டு அல்ல, கண்ணைத் திறந்துகொண்டு டிசையர்.

பார்க்கப் போவதை முந்தின நாள் இரவே சொல்லிவிடுங்கள்: "காலையில நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க சார்." போனதும் பானெட்டில் கை வையுங்கள், சில்லென்று இருக்க வேண்டும். சூடான டீசல் எஞ்சின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். முதல் ஸ்டார்ட்டில் முன்பக்கத்திலிருந்து சங்கிலி உரசுவதுபோல் கரகரவென்ற சத்தம் வந்து நிற்காமல் தொடர்ந்தால் டைமிங் செயின் வேலை காத்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியை மெக்கானிக் திறக்கட்டும். லேசான ஆவி பரவாயில்லை. ரயில் எஞ்சின்போலப் புகை குப்குப்பென்று தள்ளினால் அதைத்தான் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள், எஞ்சின் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். எந்த விலைக்கும் வேண்டாம், வந்துவிடுங்கள். பின்னால் நீலப் புகை வந்தாலும் அப்படித்தான். அப்புறம் ஒரு மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் முடிந்துவிட்டது. இதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, கிளட்ச் செட்டின் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரானது. அவ்வளவு பழசு என்றால் நாலு டயர் விலையும் பேரத்தில் சேரும்.

மெக்கானிக் உங்கள் ஆளாக இருக்கட்டும், கூலியை நீங்களே கொடுங்கள். அவர் சொல்லும் குறைகளை அந்த சார் முன்னாலேயே சொல்லச் சொல்லுங்கள். புரோக்கரிடம் வாங்கி ஏமாந்தால் நாலு நாள் திட்டிவிட்டு மறந்துவிடலாம். தினமும் வாசலில் பார்க்கிற மனிதரிடம் மனக்கசப்பு வந்தால் வருடக்கணக்கில் நிற்கும். 2,80,000இல் ஆரம்பித்து, மூன்று லட்சத்தைத் தாண்டாமல் முடிக்கப் பாருங்கள். மிச்சத்தில் அறுபதாயிரத்தை வண்டிக்கென்றே தனியாக எடுத்து வையுங்கள். அதை எடுத்து வைக்க முடியாது என்றால் இந்த வண்டி உங்களுக்கு இப்போது வேண்டாம். ஆர்.சி. (பதிவுச் சான்று) 2030 வரைதான், அதன்பிறகு எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம், 2022 ஏப்ரலில் காருக்கு அந்தக் கட்டணத்தை 5,000 ரூபாய் ஆக்கினார்கள்.

பணம் கொடுக்கும் நாளிலேயே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கடன் போட்டு வாங்கிய வண்டியாக இருந்தால் ஆர்.சி.யில் அடமானம் நீக்கப்பட்டிருக்கிறதா என்று அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் பாருங்கள். 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். தாமதித்தால் இடிபட்ட வண்டியைக் கைக்காசில்தான் சரிசெய்ய வேண்டிவரும். அவருடைய நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குக் கிடைத்த தள்ளுபடி) அவரோடு போய்விடும், அதனால் பிரீமியம் கொஞ்சம் கூடும். கிளம்பும் முன் இரண்டாவது சாவியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெங்களூர் மகளிடம் இருக்கும்.