படிக்க நேரம் கேட்டால் வேலைக்கு ஆபத்தா?

கேள்வி: அக்கா, நான் மேற்கு லண்டனில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் நிறுவனத்தின் வேர்ஹவுஸில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன். வயது 41. ஊரில் ஏ/எல் வரை படித்தவன். போன மாதம் டீம் லீடர் வேலைக்கு விண்ணப்பித்தேன். சதவீதக் கணக்கிலும், விபத்து அறிக்கை ஒன்று எழுதச் சொன்னதிலும் தவறிவிட்டேன். கிழமைக்கு ஒரு நாள் இங்கிலிஷ், கணக்கு வகுப்புக்குப் போக நேரம் தர முடியுமா என்று மனேஜரிடம் கேட்டேன். "அது உங்கள் சொந்த விஷயம்" என்று சொல்லிவிட்டார். மாதாமாதம் யூனியனுக்குச் சந்தா கட்டுகிறேன். இதற்கு யூனியன் ஏதாவது செய்யுமா? திரும்பவும் கேட்டால், இவனுக்கு இங்கிலிஷ் தெரியாது என்று வேலையிலேயே கை வைத்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. மனைவிக்கும் படிக்க விருப்பம். அவர் யூனியனில் இல்லை.

பதில்: தம்பி, முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி படிப்புக்கு நேரம் கேட்டதற்காக உங்களை வேலையை விட்டு நீக்கவும் கூடாது, வேறு விதத்தில் பழிவாங்கவும் கூடாது. ஆனால் நீங்கள் மனேஜரிடம் வாய்மொழியாகக் கேட்டது அந்தச் சட்டத்தின் கீழ் வராது. எழுத்தில் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் யூனியனில் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

அந்த ஒருவருக்கு யூனியன் லேர்னிங் ரெப் என்று பெயர். உங்கள் வேர்ஹவுஸில் சம்பளப் பேச்சுக்கும் ஒழுங்கு விசாரணைக்கும் வருகிற ரெப் வேறு, இவர் வேறு. உங்களோடு வேலை செய்கிற ஒருவர்தான், தனிப் பயிற்சி எடுத்திருப்பார். யாருக்கு என்ன படிப்புத் தேவை என்று கேட்டறிவது, பொருத்தமான வகுப்பைத் தேடித் தருவது, அதற்காக நிர்வாகத்தோடு கதைப்பது, இவ்வளவும் அவர் வேலை. 2002ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் இவர்களுக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. 2003 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. நிறுவனம் அங்கீகரித்த யூனியனின் ரெப்பாக இருந்தால், இந்த வேலைகளுக்குச் சம்பளத்தோடு நியாயமான நேரம் கொடுத்தாக வேண்டும். அவரைப் போய்ப் பார்ப்பதற்கு உறுப்பினரான உங்களுக்கும் வேலை நேரத்தில் நியாயமான அளவு நேரம் கேட்கும் உரிமை உண்டு. அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை.

நானும் பல வருடம் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் இந்த வேலையைச் செய்தேன். ஒருநாள் எங்களோடு வேலை செய்த ஓர் அம்மா சம்பளச் சீட்டை நாலாக மடித்துக் கையில் பொத்திக்கொண்டு வந்தார். "கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன், இதில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கோ" என்றார். வாசித்துச் சொன்னேன். அடுத்த மாதமும் கண்ணாடி வீட்டில்தான். மூன்றாம் மாதம், ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு அந்தச் சீட்டை மேசையில் விரித்துவைத்து இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தோம். 1257எல் என்ற வரிக் குறியீட்டுக்கு, வருடத்தில் 12,570 பவுணுக்கு வரி இல்லை என்று அர்த்தம். ஓய்வூதியத்துக்குப் போவது 5 சதவீதம். அப்படியே அரை மணி நேரம் சதவீதம் படித்துவிட்டார்! எங்கள் முதல் கணக்கு வகுப்பு அதுதான். அவர் வாசிக்கத் தடுமாறியது அன்றுவரை மனேஜருக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. நீங்கள் லேர்னிங் ரெப்பிடம் மனம்விட்டுச் சொல்வதும் அவரோடுதான் இருக்க வேண்டும். நல்ல ரெப் உங்களைக் கேட்காமல் ஒரு சொல்லும் மேலே கொண்டுபோக மாட்டார்.

சரி, எழுத்தில் எப்படிக் கேட்பது? 2010 ஏப்ரலிலிருந்து, 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில், 26 வாரம் தொடர்ந்து வேலை செய்த ஊழியர் பயிற்சிக்கு நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஏழு வருடம் என்கிறீர்கள், நிறுவனமும் பெரியது. ஆனால் ஏஜென்சி மூலம் வேலை செய்பவருக்கு இந்த உரிமை கிடையாது. ஆகவே உங்கள் ஒப்பந்தம் நேரடியாக நிறுவனத்தோடுதானா என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வேர்ஹவுஸில் நம்மவர்கள் பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

கடிதத்தில் திகதி இருக்க வேண்டும். இது பயிற்சிக்கு நேரம் கேட்கும் சட்டபூர்வமான விண்ணப்பம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். என்ன படிப்பு, எங்கே, எந்த நேரம், யார் நடத்துகிறார்கள், முடிவில் சான்றிதழ் கிடைக்குமா, முன்பு இப்படி விண்ணப்பித்தது உண்டா, இவையும் வேண்டும். மிக முக்கியமானது, இந்தப் படிப்பால் உங்கள் வேலையும் நிறுவனத்தின் தொழிலும் எப்படி மேம்படும் என்ற பகுதி. இதில்தான் எங்கள் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். "எனக்கு இங்கிலிஷை முன்னேற்ற விருப்பம்" என்று எழுதி விட்டுவிடுகிறார்கள். மனேஜருக்கு அது உங்கள் விருப்பமாக மட்டும்தான் தெரியும். அப்படி விடாமல் இப்படி எழுதிப் பாருங்கள்: "கையிருப்பில் குறைவதையும் சேதமாவதையும் நான் தினமும் பதிவு செய்கிறேன். சதவீதக் கணக்குப் படித்தால் அந்தப் பதிவில் தவறு குறையும். ஆபத்து நேரவிருந்த சம்பவங்களைத் தெளிவாக எழுதத் தெரிந்தால் பாதுகாப்புக் குழுவுக்குச் சரியான தகவல் போகும்." உங்கள் வேலையில் உண்மையாக நடப்பதை மட்டும் எழுதுங்கள். ரெப்போடு உட்கார்ந்து எழுதினால் ஒரு மணி நேர வேலை.

விண்ணப்பம் கிடைத்து 28 நாளுக்குள் நிர்வாகம் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் உங்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். பேசினால் அதிலிருந்து 14 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உடன் வேலை செய்பவர் ஒருவரைக் கூட்டிப் போகலாம், லேர்னிங் ரெப்பையே கூட்டிப் போங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். செலவு அதிகம், வேலையைப் பகிர்ந்துகொடுக்க ஆள் இல்லை, தொழிலுக்குப் பயன் இல்லை என்று சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்றாக அது இருக்க வேண்டும். "உங்கள் சொந்த விஷயம்" அந்தப் பட்டியலில் கிடையாது. மறுப்பு வந்து 14 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: சம்மதித்தாலும் அந்த நேரத்துக்குச் சம்பளமோ வகுப்புக் கட்டணமோ தரும்படி சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. யூனியன் பேசிப் பெற்றுத் தந்தால்தான் உண்டு. எங்கள் சமையலறையில் பாதி நேரம் நிறுவனத்தின் சம்பளம், பாதி நேரம் எங்களுடையது என்று பேசி முடித்தோம். ஷிஃப்ட்டின் கடைசி ஒரு மணி நேரம், அதற்குப் பிறகு இன்னொரு மணி நேரம். தனி ஆளாகப் போய்க் கேட்டிருந்தால் அது கிடைத்திருக்காது. பதினொரு பேர் பெயர் எழுதிக் கொடுத்தோம்.

கட்டணத்தைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். இங்கிலாந்தில் 19 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஜிசிஎஸ்இ என்ற பள்ளிப் பரீட்சையில் 4ஆம் தர மட்டம் இல்லையென்றால், ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்ற, அன்றாட வாழ்க்கைக்கும் வேலைக்கும் தேவையான ஆங்கிலமும் கணிதமும் லெவல் 2 வரை இலவசம். இங்கே எவ்வளவு காலமாக, எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்பதையும் கல்லூரி கேட்கும். ஏ/எல் படித்திருக்கிறேனே, எனக்குத் தரமாட்டார்களே என்று நீங்களே முடிவுகட்டிவிட வேண்டாம். கல்லூரி முதலில் உங்கள் மட்டத்தைப் பார்க்க ஒரு சின்னச் சோதனை வைக்கும், அதைச் செய்து பாருங்கள். ஏ/எல் சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள். வெளிநாட்டுப் படிப்பு இங்கே எந்த மட்டத்துக்குச் சமம் என்று யூகே எனிக் என்ற அமைப்பு எழுதித் தரும். சில வேலைகளுக்கு அந்தத் தாளே போதும். அதற்குக் கட்டணம் உண்டு என்பதால் தேவை இருந்தால் மட்டும் எடுங்கள்.

உங்கள் இடத்தில் லேர்னிங் ரெப் யாருமே இல்லாமலும் இருக்கலாம். அது யூனியனின் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். 1998இல் அரசாங்கம் தொடங்கிய யூனியன் லேர்னிங் ஃபண்டால்தான் இங்கிலாந்து முழுக்க வேலைத்தளங்களில் வகுப்புகள் வளர்ந்தன. 2006இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பான டியூசி, யூனியன்லேர்ன் என்ற தனி அமைப்பையே உருவாக்கியது. 2020 அக்டோபரில் அரசாங்கம் அந்தப் பணத்தை நிறுத்துவதாக அறிவித்து 2021 மார்ச்சோடு நிறுத்தியது. பள்ளிக்கூடத்தில் சரியாகப் படிக்க முடியாமல்போனவர்களுக்குக் கிடைத்த ஒரு கதவை மூடிவிட்டார்கள் என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. வேல்ஸில் அரசாங்கம் இப்படியான நிதியை நிறுத்தவில்லை. ஆனால் லேர்னிங் ரெப்பின் சட்ட உரிமை அந்தப் பணத்தோடு போகவில்லை, அது அப்படியே இருக்கிறது. யூனியன் கிளைச் செயலாளரிடம் "எங்கள் சைட்டுக்கு லேர்னிங் ரெப் யார்?" என்று கேளுங்கள். யாரும் இல்லை என்றால், நீங்களே நிற்கலாம். நிறுவனத்துக்கு யூனியன் எழுத்தில் அறிவித்து, ஆறு மாதத்துக்குள் பயிற்சியை முடித்தால் போதும். இங்கிலிஷ் திறமாக இருக்க வேண்டும் என்பது கிடையாது. எனக்குத் தெரிந்து நல்ல ரெப்களாக வந்தவர்கள் பலர் முதலில் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தவர்கள்தான்.

அப்புறம் உங்கள் மனைவி. அவருக்கு யூனியன் வேண்டியதில்லை. அதே இலவச வகுப்புகளுக்கு அவரும் நேரே போகலாம். லண்டனில் வேலை செய்து, சம்பளம் லண்டன் லிவிங் வேஜுக்கு, அதாவது லண்டனில் வாழத் தேவை என்று கணக்கிட்ட சம்பளத்துக்கு, கீழே இருந்தால் மற்றப் பல வகுப்புகளுக்கும் கட்டணம் இல்லை. உங்கள் கவுன்சில் நடத்தும் பெரியவர்களுக்கான வகுப்புகளை விசாரியுங்கள். டபிள்யூஇஏ என்ற அமைப்பையும் பாருங்கள், உழைக்கும் மக்களின் படிப்புக்காக 1903இல் தொடங்கியது, இன்றும் வகுப்பு நடத்துகிறது. செப்டம்பரில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், ஜூலையிலேயே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். போகும்போது சம்பளச் சீட்டும் விசாவும் கையில் இருக்கட்டும்.