மலை ஏன் சிறுத்துப்போனது?

அன்புள்ள ஐயா,

வேலைக்காக மொரீசியஸ் வந்து மூன்று வருடமாகிறது. காத்ர் போர்னில் இருக்கிறேன். ஞாயிறு வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். போன டிசம்பரில் லா கோலெட் கரையில், முன்னால் மீன்பிடிப் படகு, பின்னால் லெ மோர்ன் மலை, சூரியன் இறங்கும் நேரம் என்று ஒரு படம் எடுத்தேன். வாட்ஸ்அப்பில் போட்டதும் கோயில் நண்பர்கள் எல்லோரும் 'அருமை', 'காலண்டரில் போடலாம்' என்றார்கள். கூட வேலை பார்க்கும் ஒருவர் மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல நான் எதைப் பார்க்கணும்?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவரிடம் படமே காட்டுவதில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன். மனதில் பட்டதை அப்படியே சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

படத்தைப் பிரிண்ட் போட்டு இரண்டு நாள் மேசைமேல் வைத்திருந்தேன். என் கண் போன வழியை மட்டும் சொல்கிறேன். முதலில் படகுக்குள் கிடக்கும் வெள்ளை பிளாஸ்டிக் கேன். அங்கிருந்து வலது மேல் மூலையில் எரிகிற ஆரஞ்சு மேகம். அப்புறம் இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் இன்னொரு படகு. மலைக்கு நான்காவதாகத்தான் வந்தேன். வந்த இடத்தில் ஒரு மூங்கில் கழி சரியாக உச்சியில் குத்திக்கொண்டு நிற்கிறது. அடிவானமும் வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, கடல் வழிந்து போய்விடும் போல.

உங்கள் நண்பர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. காலண்டர் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உங்கள்மேல் பிரியம், அந்த இடத்தின்மேலும் பிரியம். லா கோலெட் சாயங்காலம் அழகு, அதில் சந்தேகமே இல்லை. அந்த அழகு படத்துக்குள் வந்ததா என்பதைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

எனக்கும் இது நடந்தது. இருபது வயதில், பீட்டர் போத் மலையை எடுக்க விடியுமுன் எழுந்து, மழையில் நனைந்து, கரும்புத் தோட்டத்து வரப்பில் இரண்டு மணி நேரம் நின்றேன். மேகம் விலகி, உச்சியில் உட்கார்ந்திருக்கும் அந்த உருண்டைப் பாறை தெரிந்த நிமிடத்தில் என் கை நடுங்கியது. ரோஸ் ஹில்லில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவரிடம் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு, கீழே ஓரத்தில் விரலை வைத்தார். உரச்சாக்கு. வெள்ளைச் சாக்கு ஒன்று வரப்பில் கிடந்திருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. "தம்பி, நீ சாக்கைப் படம் எடுத்திருக்கே" என்றார்.

ஒரு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. அத்தனை வருத்தம். அந்த மழை, குளிர், கை நடுக்கம் எல்லாம் எனக்குப் படத்தில் தெரிந்தது. அவருக்கு எப்படித் தெரியும்? அவர் அங்கே இல்லையே. அவர் கையில் இருந்தது ஒரு துண்டுக் காகிதம் மட்டும். வெளியே போய் எடுக்கிற படங்களில் இந்தச் சிக்கல் அதிகம்: காற்று, வாசனை, நடந்த களைப்பு எல்லாவற்றையும் நம் மனது தானாகச் சேர்த்துக்கொள்ளும். அதனால்தான் அங்கே இல்லாத ஒருவரின் கண் நமக்கு வேண்டும். தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும் அதற்குத்தான். மலை, படகு என்ற பெயர்கள் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். உங்கள் படத்தையும் திருப்பிப் பார்த்தேன். கேனும் மேகமும்தான் நின்றன.

இனி உங்கள் லெ மோர்ன் மலை. அடிமைத்தளையிலிருந்து தப்பியோடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த மலை அது; 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 556 மீட்டர் உயரப் பாறை உங்கள் படத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கிறது. காரணம், காட்சியை அகலமாகப் பிடிக்கும் வைட் லென்ஸைப் போட்டுக்கொண்டு படகை ஒட்டி நின்றிருக்கிறீர்கள். பக்கத்தில் இருப்பது பூதமாகும், தூரத்தில் இருப்பது சுருங்கும். முப்பது நாற்பது அடி பின்னால் வாருங்கள். மலை சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நாற்பது அடியில் அதற்கு ஒன்றும் ஆகாது. படகு மட்டும் சிறுக்கும். அப்புறம் தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 85 மில்லிமீட்டர் லென்ஸில் பாருங்கள், மலை எழுந்து படகின்மேல் கவிந்து நிற்கும். இதை வீட்டில் உட்கார்ந்து க்ராப் செய்து வாங்க முடியாது. க்ராப் செய்தால் ஓரத்தை வெட்டலாம், படகுக்கும் மலைக்கும் உள்ள அளவு மாறாது. கழியை உச்சியிலிருந்து விலக்க இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும்.

படத்தை மூன்று சம பங்காகப் பிரித்து, அந்தக் கோடுகளில் முக்கியமானதை வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதியைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். அடிவானத்தை நீங்கள் அந்தக் கோட்டில்தான் வைத்திருக்கிறீர்கள். படத்துக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. விதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவரைவிட உங்கள் நண்பர் எவ்வளவோ மேல்.

வெளிச்சம் பற்றியும் சொல்லவேண்டும். லா கோலெட்டிலிருந்து பார்த்தால் மலை தென்மேற்கில். டிசம்பரில் இங்கே சூரியன் நேர்மேற்கைவிட்டுத் தெற்கே தள்ளி, மலைக்குப் பக்கத்திலேயே இறங்கும். அதனால் நம்மைப் பார்க்கிற மலைமுகம் முழுக்க இருட்டு, வானம் மட்டும் எரியும். நீங்கள் அந்த ஆரஞ்சை இன்னும் ஏற்றியிருக்கிறீர்கள். மலைதான் வேண்டும் என்றால் காலையில் போங்கள். சூரியன் நம் முதுகுப்பக்கம் மலைகளுக்குப் பின்னாலிருந்து வரும். கரை இன்னும் நிழலில் இருக்கும்போதே லெ மோர்ன் உச்சியில் வெயில் விழுந்துவிடும். காற்று எழும்புமுன் தண்ணீரும் அசையாமல் கிடக்கும்.

படகை ஏற்கெனவே நன்றாகப் பிடித்திருக்கிறீர்கள். உரிந்த நீலச் சாயம், உள்ளே சுருட்டி வைத்த கயிறு, அதன்மேல் காய்ந்த உப்பு எல்லாம் ஒரு தனிப் படத்துக்குத் தாங்கும். மலை இல்லாமல் அதை மட்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

போய் எடுத்ததில் சரியாக வராததையும் சேர்த்து ஐந்தாறு படங்கள் அனுப்புங்கள். எனக்கு அனுப்புமுன் அந்த நண்பரிடம் காட்டுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். கண் முதலில் எங்கே போச்சு, அப்புறம் எங்கே போச்சு என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.