பழ இலையான்ர கண்ணையும் மணத்தையும் ஆராய்ஞ்சு மனுசருக்கு என்ன பிரயோசனம்?

ஏ லெவல் பயோ பாடமாக்கிக் களைச்சுப்போய்த்தான் கேட்டிருக்கிறீர் போல தம்பி. நானும் அப்பிடி இருந்தனான்தான்.

என்ர தங்கச்சிக்குப் பிறக்கேக்கயே ரெண்டு கண்ணிலயும் கதிராளி (கண்மணியைச் சுத்தியிருக்கிற நிற வளையம்) இல்லை. வெயிலுக்க கண்ணைச் சுருக்கி நிலத்தைப் பாத்துக்கொண்டுதான் நடப்பாள். ஒட்டுசுட்டானில இருந்து விடியப்புறம் வெளிக்கிட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோவம், கண்ணை மட்டும் பாப்பினம், மூக்கைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. வீட்டில அம்மா பாலை அடுப்பில வச்சிட்டுக் கிணத்தடிக்குப் போவா, பால் பொங்கி அடிப்பிடிச்சு வளவு முழுக்க மணக்கும், இவள் பக்கத்திலேயே இருப்பாள், அசையமாட்டாள். "கண்தான் இல்லையெண்டா மூக்குமோ இல்லை" எண்டு அம்மா பேசுவா.

கிளிநொச்சியில விவசாயம் படிக்கேக்கதான் எனக்கு விளங்கினது. பழ இலையான் (மாங்காயைத் துளைக்கிறது இல்லை, கள்ளு முட்டியில மொய்க்கிற சின்னன்) குடம்பியா இருக்கேக்க, கண்ணுக்கும் உணர்கொம்புக்கும் ஒரே கலத்தட்டுத்தான். மணம் பிடிக்கிறது உந்த உணர்கொம்பு. 'ஐலெஸ்' எண்ட ஜீன் முதல்ல தட்டு முழுக்க வேலை செய்யும், பிறகு கண் பக்கம் மட்டும் நிக்கும், மற்றப் பக்கம் 'கட்' எண்ட ஜீன் வந்திடும். வயல் பங்கு பிரிக்கிற மாதிரித்தான், கண்ணுக்குக் கூடப் போனா உணர்கொம்புக்குக் குறையும். 'ஐலெஸ்' ஜீனை இயக்கிற டிஎன்ஏ துண்டில ஒரே ஒரு எழுத்து மாறினாலே பங்கு மாறுமெண்டு 2019ல காட்டினவை. 1995ல வால்டர் கெரிங் எண்ட சுவிஸ் விஞ்ஞானியின்ர ஆய்வுகூடத்தில இதே ஜீனை இலையான்ர காலிலயும் செட்டையிலயும் இயக்கிவிட, அங்கயும் கண் முளைச்சது, எலியில இதுக்கு ஈடான ஜீனைப் போட்டும் முளைச்சது. எலியிலயும் மனுசரிலயும் அதுக்குப் பேர் பாக்ஸ்6. எலியில ரெண்டு பிரதியும் பழுதெண்டா கண்ணும் இல்லை மூக்கும் இல்லை. மனுசரில ஒண்டு பழுதானாலே கதிராளி வராது.

அண்டைக்கு வீட்ட வந்து தங்கச்சிக்குக் கண்ணைக் கட்டிப்போட்டு கோப்பித்தூளையும் மஞ்சள்தூளையும் மூக்கடியில பிடிச்சன். "ரெண்டும் தூள்தானே அண்ணா" எண்டாள்.

நான் டொக்டர் இல்லை, சண்டைக்கு வராதேங்கோ. கதிராளி இல்லாத எல்லாருக்கும் மணம் தெரியாதெண்டு சொல்லேல்ல, சிலருக்குக் குறைவு, அவ்வளவுதான்.

லண்டன் மாமா ஒருக்கா கலியாண வீட்டில எல்லாருக்கும் முன்னால "இலையான் படிக்கவோடா கம்பஸ் போனனீ" எண்டு கேட்டுச் சிரிச்சவர். அவர் ரெண்டு வருசத்துக்கொருக்கா வந்து முரசுமோட்டை வயலை விப்பம் எண்டு நிப்பார், குத்தகைக் காசைப் பற்றிக் கேட்டா மட்டும் காது கேளாது. அதுக்கு என்ன ஜீனோ தெரியேல்ல.

அம்மா இப்ப பாலுக்குப் பேசுறேல்ல. தங்கச்சி போனில அலாரம் வச்சுத்தான் காய்ச்சுறாள். காஸ் சிலிண்டர் மாத்திறதெண்டா மட்டும் நான் வாற வரைக்கும் தொடவேண்டாம் எண்டு சொல்லி வச்சிருக்கிறன்.