டயல்-அப் கார்டைச் சோதிக்க முதலில் லைன் வேண்டாம்

கேள்வி: கானாடுகாத்தான் வீட்டின் இரண்டாங்கட்டு அலமாரியில் பெரியப்பச்சியின் பழைய லேப்டாப்பும் தொலைபேசி லைன் வழியே இணையத்தில் சேர உதவும் நான்கு டயல்-அப் மோடம் கார்டுகளும் கிடைத்தன. லேப்டாப்பில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடுகிறது. பழைய தொலைபேசி லைனை எப்போதோ கொடுத்துவிட்டோம், இப்போது ஃபைபர்தான். கார்டுகள் வேலை செய்யுமா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: லைன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பாதிச் சோதனைக்கு மேல் லைன் இல்லாமலே முடியும்.

முதலில் கார்டின் வாயை, அதாவது லேப்டாப்புக்குள் நுழையும் முனையைப் பாருங்கள். அங்கே சின்னச் சின்னப் புடைப்புகளோடு தங்க நிறப் பட்டை இருந்தால் அது 32 பிட் கார்ட்பஸ் வகை. மிகப் பழைய லேப்டாப்பில் நுழையாது. பட்டை இல்லாதது 16 பிட், மிகப் பழைய லேப்டாப்பிலும் போகும், கார்ட்பஸ் ஏற்கும் லேப்டாப்பிலும் போகும். எதையும் அழுத்தித் திணிக்காதீர்கள். லேப்டாப்பில் கார்டு செருகும் ஸ்லாட்டின் உள்ளே 68 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் லேப்டாப்பின் ஸ்லாட்டே வீணாகிவிடும். பூட்டிக் கிடந்த வீட்டுத் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டுச் செருகுங்கள்.

அப்புறம் மோடத்தோடு நேரடியாகப் பேச உதவும் எக்ஸ்பியின் ஹைப்பர் டெர்மினல் புரோகிராமைத் திறந்து, மோடத்தின் காம் போர்ட்டை (COM என்று எண்ணோடு காட்டும் இணைப்பு வழி) தேர்ந்தெடுத்து, ஏ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுங்கள். 'ஓகே' என்று பதில் வந்தால் கார்டின் மூளைக்கு உயிர் இருக்கிறது. வராவிட்டால் உடனே தூக்கிப் போட வேண்டாம். கார்ட்பஸ் மோடங்கள் பலவும் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஏற்றாமல் வாயே திறக்காது.

இனி லைன். ஃபைபர் பெட்டியின் பின்னால் போன் துளை இருந்து, அதில் இணைப்பும் இருந்தால் போதும். கார்டை அதில் மாட்டி, உங்கள் செல்போனிலிருந்து அந்த எண்ணுக்கு அழையுங்கள். திரையில் 'ரிங்' என்று வரும். உடனே ஏடிஏ (அழைப்பை எடு என்ற கட்டளை) என்று தட்டுங்கள். செல்போனைக் காதில் வைத்தால் 'பீ...' என்று நீண்ட ஒலி கேட்க வேண்டும். 2100 ஹெர்ட்ஸில் மோடம் சொல்லும் 'ஹலோ' அது. அது கேட்டால் லைன் பக்கமும் நன்றாக இருக்கிறது என்று நம்பலாம்.

வெளியே அழைக்கும்போது 'டயல் டோன் இல்லை' என்று அடம்பிடித்தால், டயல் டோனுக்குக் காத்திராமல் அழை என்று சொல்லும் ஏடிஎக்ஸ்3 கட்டளையைக் கொடுத்துவிட்டு மறுபடி அழையுங்கள். வெளிநாட்டில் வாங்கிய கார்டுக்குச் சில நேரம் நம் டயல் டோன் பிடிபடுவதில்லை. செல்போனுக்கு அழைத்தால் எண்ணுக்கு முன் 0 சேருங்கள். 2021 ஜனவரியிலிருந்து லேண்ட்லைனுக்கு அதுதான் விதி.

ஒன்றே ஒன்று, தயவுசெய்து கேளுங்கள். உங்கள் ஊரில் பல வீடுகள் இப்போது ஹோட்டலாகிவிட்டன. அங்குள்ள டிஜிட்டல் இண்டர்காம் துளையில் மட்டும் மாட்டாதீர்கள். பார்க்கச் சாதாரண போன் துளை போலவே இருக்கும். ஆனால் மோடத்தின் லைன் பகுதியைக் கருக்கிவிடும். நான் ஆசையாக வைத்திருந்த கார்டு ஒன்றை அப்படித்தான் இழந்தேன்.

கார்டோடு வந்த குட்டி வயரையும் தேடுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் அதன் முனை வேறு. அது இல்லாவிட்டால் 'ஓகே' வரும், லைனில் மாட்ட வழி இருக்காது. அலமாரியின் கீழ்த்தட்டில் இன்னொரு முறை கை விட்டுப் பாருங்கள்.